பட்டக்காவும் பதினோராம் பெட்டியும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விருதுநகரில் ரயில் ஏறியவன் நான். புனேயில் இறங்கியபோது மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இந்தியில் இரண்டு தெரியும், இரண்டும் வசவு. அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு பக்கத்து நிக்டியில் வெல்டிங் பட்டறை கட்டினேன். பட்டறைக்குப் பின்னால் வீடு கட்டினேன். ஊருக்கு வெளியே ஆடுகூட மேய மறுத்த பாறைக்காட்டை வாங்கி, கிணறு வெட்டி, வேம்பு நட்டு, பார்த்தவன் எல்லாம் சிரிக்கச் சிரிக்க ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்டினேன். கோலாப்பூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோன ஜயண்ட் வீலைத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றிவந்து, என் கையாலேயே வெல்டு வைத்து நிமிர்த்தினேன். குதிரை ராட்டினம், டிராகன் ரயில், ஆடும் கப்பல், கிறுகிறுவென்று சுழலும் டீ கோப்பை எல்லாம் அப்படி வந்தவைதான். படித்த என்ஜினியர் ஒருவர் வீலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது ரொம்ப நாள் நிற்காது" என்றார். அவர் ரிடையர் ஆகிவிட்டார். வீல் நிற்கிறது.

இத்தனையும் கட்டிய என்னை, என் பூங்காவிலேயே, என் ஆட்கள் முன்னாலேயே, தலையைக் குனிய வைத்த ஒரே ஆள் உலகத்தில் பட்டக்காதான். காஞ்சிபுரம் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு ராட்டினம் ஏறிய பெண்மணி இந்தியாவில் இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள். மீசையை எடுத்துவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இருந்தது. அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. தமிழனுக்கும் பட்டக்கா, மராட்டியனுக்கும் பட்டக்கா.

முதலில் அவர் வேலைக்கு வரவில்லை, சண்டைக்கு வந்தார். ஒரு தீபாவளி அன்று, தங்கை பிள்ளைகளோடு குதிரை ராட்டினம் ஏறியவர், இறங்கி நேராக என் ஆபீசுக்குள் வந்தார். அரக்குக் கலர் பட்டின் தலைப்பை என் மேஜைமேல் விரித்தார். நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ்.

"இது இன்னாது சேட்டு?"

"கறைம்மா. மன்னிச்சுக்கங்க. புதுப் புடவை எடுத்துத் தர்றேன்."

"பொடவ நக்கோ. தீவாளிக்கு ஊரே புதுசு கட்டிகினு வருது. அல்லாத்துக்கும் எடுத்துக் குடுப்பீங்களா?"

வேண்டாம் என்பதை 'நக்கோ' என்றும், மீதியை வட ஆற்காட்டுத் தமிழிலும் பேசினால் ஆள் புனேயின் கட்கிப் பகுதி என்று புரிந்துகொள்ளலாம். அவருடைய அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பட்டக்கா ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவர்.

"அப்ப என்னதாம்மா செய்யச் சொல்றீங்க?" என்றேன்.

"எனுக்கு வேல குடுங்க. ஒரு மாசத்துல இந்தக் குதிர மேல மணப்பொண்ணே குந்தலாம்."

துடைப்பத்தோடு வருவார் என்று நினைத்துக் கொடுத்தேன். மறுநாள் மயில் கழுத்துக் கலர் பட்டில், இடுப்பில் ஒரு முகப்பவுடர் டப்பாவைச் செருகிக்கொண்டு வந்தார்.

வீலை ஓட்டும் தத்தா அவரை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, ஆஜ் குணாச்ச லக்ன?" என்றான். இன்றைக்கு யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறான்.

"உன் வீலுக்குத்தான். பொண்ணு பார்க்க வந்திருக்கேன், ஒழுங்கா குளிப்பாட்டி வச்சிருக்கியா?" என்று மராத்தியிலேயே திருப்பிக் கொடுத்தார். அன்றோடு தத்தா அவரிடம் வாய் கொடுப்பதை விட்டான்.

அவருடைய முறை இதுதான். கேட் திறக்குமுன் ஒவ்வொரு ராட்டினத்திலும் ஒவ்வொரு இருக்கையிலும் உட்காருவார். சாய்வார். புரண்டுகூடப் பார்ப்பார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று. புடவையில் ஏதாவது பட்டால் அந்த இருக்கைக்குப் பூட்டு. வருகிறவர்கள் நல்ல துணி உடுத்தி வருகிறார்கள், அதனால் சோதிக்கிறவரும் நல்ல துணிதான் உடுத்த வேண்டும் என்பது அவர் சட்டம். மயில் கழுத்து கட்டி வந்தால் தூசி பார்க்கும் நாள். சந்தனக் கலர் கட்டி வந்தால் எண்ணெயும் துருவும் பார்க்கும் நாள்; அன்றைக்கு என் ஆட்கள் கேட்டில் அவரைக் கண்டதுமே கந்தல் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு வாரம் முழுக்க ஒரு கறையும் படாவிட்டால் மட்டும், பவுடர் போட்டுக் கறை எடுத்த அந்த அரக்கை உடுத்தி வருவார். அரக்கைக் கண்ட நாளில் தத்தா எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுப்பான். அவன் ஒன்றும் அடிக்கடி செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

டிராகனுக்கு வாரம் ஒருமுறை பல் தேய்க்க வைத்தார். பிள்ளைகள் அதன் வாயில் சூயிங்கம் ஒட்டிவிட்டுப் போகும். "இத்தினி பல்லு வச்சிகினு இருக்குது, ஒரு பிரஷ் வாங்கித் தரக்கூடாதா சேட்டு?" என்றார். துணி துவைக்கும் பிரஷ் இரண்டு வாங்கினேன். ஆடும் கப்பலின் கடைசி வரிசையில் குட்கா துப்பிய காலேஜ் பையனிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளியையும் துணியையும் நீட்டினார். அவன் கப்பலைக் கழுவ, கூட வந்த பெண் அதை வீடியோ எடுத்தாள். டீ கோப்பைக்கு வரிசையில் நிற்பவர்களிடம், "மிசல் சாப்ட்டியா? எத்தினி ப்ளேட்டு?" என்று விசாரணை நடக்கும். மிசல் என்பது காரக் குழம்பு ஊற்றிய மிக்சர். ஒரு ப்ளேட் என்றால் போகலாம். இரண்டு என்றால் அரை மணி நேரம் வேப்பமரத்தடி. பொய் சொல்லி ஏறிய ஒரு போலீஸ்காரர், இறங்கியதும் தானாகவே வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நெடுஞ்சாலையில் தண்ணீர்ச் சறுக்குகளோடு புதுப் பூங்கா ஒன்று வந்தது. எங்களுக்குக் கூட்டம் குறைந்தது. என் மகன் கார்த்திக் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழைக் கல்லில் தடுக்கித் தடுக்கித்தான் நடத்துவான். "அப்பா, வீல் ரொம்ப ஜுனா ஆயிடுச்சு. ஸ்கிராப்புக்குக் குடுத்துடலாம், நா?" என்று ஆரம்பித்தான்.

ஜுனா என்றால் பழசு. என்னைத்தான் சொல்கிறானோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, ஊழியர்களின் குடும்பங்களோடு ஒருநாள் முழுக்கக் கொண்டாட இடம் தேடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் வீல் இருக்கும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான்.

அந்த ஞாயிறு காலை பட்டக்கா சந்தனக் கலரில் வந்தார். ஒன்பதரைக்கு என் முன்னால் நின்றார்.

"வீல மூடிட்டேன் சேட்டு."

"இன்னைக்கா? ஏன்?"

தோளைக் காட்டினார். கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாடி போட்டும் எனக்கு முதலில் தெரியவில்லை.

"இதுக்கா? பவுடரைப் போட்டுத் தட்டிவிடுங்கம்மா!"

"மூணு வாட்டி போட்டாச்சி. போவல. புது கிரீஸுன்னா பவுடர் இஸ்துக்கும். இது கறுப்பா நிக்கிது. இரும்பு அரைஞ்சி கலந்துகீது சேட்டு. மேல எங்கியோ ஒண்ண ஒண்ணு தின்னுகினு இருக்குது. பதினோராம் பொட்டில சொட்டுச்சி."

"நேத்துதான் கிரீஸ் வச்சேன், மிச்சம் வழிஞ்சிருக்கும்" என்று தத்தா இந்தியில் முணுமுணுத்தான்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நான் கட்டின வீலும்மா இது! ஒவ்வொரு போல்ட்டும் என் கைக்குத் தெரியும். புடவை சொல்லிச்சுன்னு வீலை நிறுத்தினா ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். அளுதா பரவால்லியா?"

"சரி. நானே பதினோராம் பெட்டியில உக்கார்றேன். இந்த வெள்ளைச் சட்டையில ஒரு சொட்டு விழுந்தா வீலை மூடுறேன். விழலைன்னா நீங்க பூட்டைத் திறக்கணும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"விருதுநகர்க்காரன் பேச்சு!"

"தத்தா, ஹளூ ஹளூ. ரெண்டே சுத்து" என்றார். மெதுவாக ஓட்டு என்று அர்த்தம். தத்தா அவரைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை.

உச்சியிலிருந்து நிக்டி முழுக்கத் தெரிந்தது. கம்பெனிக் கார் கேட்டுக்குள் நுழைவதும் தெரிந்தது. வெயிலில் லேசாக வியர்த்தது. இரண்டு சுற்று முடிந்து ராஜாவைப் போல இறங்கினேன். முன்னால் காட்டினேன், பின்னால் திரும்பிக் காட்டினேன். சட்டை பால் மாதிரி இருந்தது.

"திறங்க பூட்டை!"

பட்டக்கா அசையவில்லை. "கொஞ்சம் குனிங்க சேட்டு."

குனிந்தேன். தத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சட்டைல இல்ல. நடு மண்டைல."

எனக்கு முடி இல்லை என்பதை இதுவரை நான் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. வியர்வை என்று நினைத்தது வியர்வை இல்லை.

"பந்தயம் சட்டைக்குத்தான்! தலைக்கு இல்லை!" என்று கத்தினேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். பட்டக்கா அதைப் பொருட்படுத்தவே இல்லை. இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். அத்தனை பேர் பார்க்க என் மண்டையில் பவுடரைக் கொட்டினார், தேய்த்தார், தட்டினார், பார்த்தார்.

"பாத்தீங்களா? போவல."

தத்தா மேலே ஏறினான். இறங்கி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நடு அச்சில் ஆயில் சீல் கிழிந்து, உள்ளே பேரிங் பொடிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணெய் கம்பி வழியாக ஓடிவந்து, பதினோராம் பெட்டியின் கூரையில் இருந்த பழைய ஆணி ஓட்டை வழியாகச் சொட்டியிருக்கிறது. "எல்லாப் பெட்டியிலும் ஆளை ஏத்தியிருந்தா, மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கியிருக்காது அக்கா" என்றான். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னான்.

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். என் கைக்குத் தெரியாத போல்ட்டும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது.

கம்பெனிக்காரர்களில் தலைமையாக வந்தது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் போய், "வீல் இன்னைக்கு ஓடாதும்மா" என்றேன். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் பட்டக்காவைப் பார்த்தது.

"ஏனுங்க்கா, டெய்லியும் நீங்களே உக்காந்துதான் பாப்பீங்களா?"

"ஆமா கண்ணு. நீங்கல்லாம் குந்தப்போறீங்க இல்ல?"

"அப்ப நீங்க சரின்னு சொல்ற அன்னைக்குக் கூப்பிடுங்க. அன்னைக்கு வர்றோமுங்க. குழந்தைகளையும் கூட்டிட்டு வர்றோம்."

பேரிங், சீல், கூரைத் தகடு எல்லாம் புதிதாக மாற்றினோம். இந்த முறை கார்த்திக்கும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேலே ஏறினான். பட்டக்கா ஒரு வாரம் நாள் தவறாமல் சந்தனக் கலரையே கட்டி வந்து சோதித்தார். எட்டாம் நாள் கேட்டில் அரக்கு தெரிந்தது. தத்தா ஓடிப்போய் வடாபாவ் வாங்கி வந்தான். நான் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

கம்பெனிக் குடும்பத்துப் பெண்கள் செய்த வேலையைக் கேளுங்கள். அத்தனை பேரும் பட்டுப்புடவையில் வந்தார்கள்! காஞ்சிபுரம் கட்டியவர்கள், மராட்டியப் பட்டான பைத்தணி கட்டியவர்கள், கல்யாணப் புடவையை மூட்டையிலிருந்து எடுத்து வந்தவர்கள். வீல் சுற்றியபோது ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சரிகைத் தலைப்பு வெயிலில் பறந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் கட்டியதில்லை. இறங்கியவர்களை எல்லாம் பட்டக்கா கேட்டில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. அதற்குப் பிறகு ஸ்கிராப் என்ற சொல்லே கார்த்திக் வாயில் வந்ததில்லை.

போன வருஷம் பட்டக்காவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. பெட்டிப் படி ஏற முடியவில்லை. கட்கியில் வீட்டோடு இருக்கிறார். அவர் வேலையை யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையில் நானே எல்லாப் பெட்டியிலும் உட்காருகிறேன். தொப்பி போடுவதில்லை. எட்டரைக்குப் போன் வரும்.

"சேட்டு, மண்டயத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. சுத்தம்."

"பவுடர் போட்டு?"

இப்போது கார்த்திக் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அந்தச் சந்தனக் கலர் புடவையைப் புள்ளி தெரியும்படி மடித்து வைத்திருக்கிறான். கீழே மூன்று மொழியில் ஒரு பலகை: 'இந்த வீலைக் காப்பாற்றிய பட்டக்காவின் புடவை.' நிலம் வாங்கியவன், கிணறு வெட்டியவன், வெல்டு வைத்தவன் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. கேட்டால், பலகையில் இடம் இல்லையாம். அதெல்லாம் போகட்டும், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டேன்; இந்தப் பத்திரிகை வழியாகவே கேட்கிறேன். பெரிய எழுத்து வேண்டாம். பட்டக்கா பெயருக்குக் கீழே, அந்தப் புள்ளியைப் போலக் கடுகளவு எழுத்தில் போட்டாலும் போதும். ஆனால் போட்டே ஆக வேண்டும்: 'இரண்டாவது சொட்டு விழுந்தது சேட்டு தலையில்.'