சம்பந்தியம்மா காத்திருந்த நாற்பது நிமிடம்

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

ஜமுனாமரத்தூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா பூங்கோதையும் சுகம். ஸ்பெயினில் நீயும் மாப்பிள்ளை மத்தேயோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நடந்த ஒன்றைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

உன் மாமியார் இனேஸ் அம்மாவோடு நாலு வார்த்தை பேசலாமென்று செல்போனில் ஸ்பானிஷ் படிக்கிறேன் அல்லவா, முப்பது வருஷம் போளூர் பஸ்ஸில் 'போலாம் ரைட்' சொன்ன கண்டக்டருக்கு இதென்ன பிரமாதம் என்று நினைத்தது தப்பு. அவர்களுக்கு 'இருக்கிறேன்' என்பதற்கே இரண்டு சொல். கண்டக்டராக இருப்பது ஒன்று, வீட்டில் இருப்பது வேறொன்று. ரிட்டையராகி வீட்டிலிருக்கும் கண்டக்டருக்கு எது என்று எதைத் தொட்டாலும் தப்பென்று செல்போன் சிவப்பாகிறது. அதைவிடக் கொடுமை போவதும் வருவதும். 'வோய்' என்றால் போகிறேன், 'வெங்கோ' என்றால் வருகிறேன். ஆனால் யாராவது கூப்பிட்டால் நாம் 'தோ வர்றேன்' என்கிற இடத்தில் அவர்கள் 'வோய்' என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். ஒரு பயணி அப்படிச் சொல்லியிருந்தால் நான் விசிலடித்து வண்டியை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இனேஸ் அம்மாவோடு நன்றாகத்தான் பேசினேன். விடைபெறும்போது வெறும் 'வோய்' சொல்ல நாக்கு வரவில்லை. நம் வீட்டில் யார் அப்படிச் சொல்லியிருக்கிறோம்? அதனால் 'வோய், வெங்கோ' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, கும்பிட்டு, போனை அணைக்காமல் அலமாரியில் சாய்த்துவிட்டுப் புளி காயப்போடப் போய்விட்டேன். நாற்பது நிமிடம் கழித்து உன் அம்மா ஓடி வந்தாள்.

"இன்னாங்க, அந்தம்மா இன்னும் உக்காந்துனு கீறாங்க. காபிகூட ஆறிப்போச்சு. இன்னா சொல்லிட்டு வந்தீங்க?"

போய்ப் பார்த்தேன். 'வருகிறேன் என்றீர்களே' என்று அவர் கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, சிவசங்கரி. மூன்று வருஷத்துக்கு முன் ஸ்பெயினுக்குப் புறப்பட்டபோது நீ என் பஸ்ஸில்தான் மலையிறங்கினாய். பள்ளிக்கூடம் போன நாளில் உட்கார்ந்த அதே முன் சீட்டு. போளூரில் இறங்கி "போய்ட்டு வர்றேன்பா" என்றாய். விசிலடிக்க எனக்கு மூச்சு வரவில்லை. டிரைவர் கலையரசன் தானாகவே வண்டியை எடுத்தார். போன வாரம் நீ போனை வைக்கும்போது "சரிப்பா, போறேன்" என்று மட்டும் சொன்னாய். "வர்றேன்னு சொல்லலியே அவ" என்று உன் அம்மா அன்று சாப்பிடவில்லை. அந்த ஊர்ப் பேச்சு பழகிவிட்டது என்று சமாதானம் சொன்னேன். ஆனால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஸ்பானிஷை இன்றோடு விட்டுவிட்டேன். நீயும் லீவு கிடைத்தால் வா, அவசரமில்லை. இங்கே யாரும் வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நிறைந்து வாழ வேடியப்பசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா அர்ச்சுனன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், இனேஸ் அம்மா கூப்பிட்டார். மூன்று நாளாகத் தமிழ் படிக்கிறாராம். கடைசியில் கும்பிட்டு, "போய்ட்டு வர்றேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்து போனார். போனை அணைக்கவில்லை. திரையில் காலி நாற்காலி தெரிகிறது. ஒரு மணி நேரமாகிறது. உன் அம்மா அணைக்கச் சொன்னாள். "வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்கள எப்டி பூங்கோத கட் பண்றது?" என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.