எங்கள் ஊருக்கு மலை வந்து போன விவரம்

நெய்வேலிக்குப் பக்கத்தில் தாழைக்குப்பம் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு மண்மேடு. சுரங்கத்தில் வெட்டி எடுத்த மண்ணை வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. விவரம் தெரியாத நாங்கள் அதை மேடு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மழை பெய்தால் மேட்டுச் சேறு கீழத்தெருவுக்குள் வழியும். அங்கே கடைசி வீடு செவ்வந்தியுடையது. புருஷனுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அடுப்புவரை சேறு வருவதைப் பொறுக்காமல், நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மேட்டடியிலிருந்து ஏரிக்கு வாய்க்கால் வெட்டினாள். சரிவில் வெட்டிவேரும் முந்திரிக் கன்றும் நட்டாள். மண் சரிவிலேயே நின்றது, தண்ணீர் ஏரிக்குப் போயிற்று. யாரிடமும் அனுமதி வாங்காமல் நடந்த காரியம் இது.

அந்தச் சமயத்தில்தான் மலைக்கிராமங்களில் மக்களே முன்னின்று நீரையும் வனத்தையும் மீட்கும் திட்டம் வந்தது. எங்கள் பக்கத்துக்கும் ஒரு மலைவள மீட்பு அலுவலகம் திறந்தார்கள். துணை இயக்குநர் பன்னீர்செல்வம், ஜீப், மின்விசிறி எல்லாம் வந்து சேர்ந்தன. மலைதான் வரவில்லை. மலை இல்லை என்று மேலே எழுதினால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். துணை இயக்குநர் எங்கள் மேட்டைப் பார்க்க வந்தார்.

வடக்குத்தெரு சடையப்பன், சுரங்கத்தில் பர்மனென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டார்: "இது மலையா மேடான்னு எப்படி சார் கண்டுபுடிப்பீங்க?"

"ஏறினால் மூச்சு வாங்க வேண்டும். அதுதான் அளவுகோல்."

உதவியாளர் வேணு உச்சிவரை ஏறிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினான். "எனக்கு வாங்கல சார்."

"நீ தற்காலிகப் பணியாளர். உன் மூச்சு செல்லாது."

துணை இயக்குநர் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டார். பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் மலை என்று அறிவித்தார்.

கோடு போட்ட மாதிரி நேராக இருந்த எங்கள் சாலையில் 'கொண்டை ஊசி வளைவு' என்று பலகை நட்டார்கள். பஸ் டிரைவர்கள் வளைவைத் தேடிக்கொண்டே மெதுவாகப் போனார்கள். டவுன்ஷிப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து செல்ஃபி எடுத்தார்கள். புரட்டாசிப் புழுக்கத்தில் சடையப்பன் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டார்.

"இன்னாண்ணே, குளுருதா?" என்று கேட்டோம்.

"மலையில்ல? பின்ன குளுராம?" என்று முதுகில் வேர்க்குருவைச் சொறிந்தார்.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கையில் துணை இயக்குநரின் கண்ணில் வாய்க்கால் பட்டுவிட்டது.

"இதை யார் செய்தது?"

"நாங்கதாங்க," என்றாள் செவ்வந்தி.

"மக்கள் முன்னின்று செய்ய வேண்டும் என்பது திட்டம். நான் சொல்வதற்கு முன்னாலேயே எப்படி முன்னின்றீர்கள்? மீட்பதற்கு முதலில் கெட்டுப்போயிருக்க வேண்டும். 'முன்பு' என்று ஒரு போட்டோ வேண்டும். வாய்க்காலை மூடுங்கள், கன்றுகளைப் பிடுங்குங்கள். வீட்டுக்கு ஒரு கம்பளி உண்டு."

"தண்ணி எங்க வூட்டுக்கு வந்துகினு இருந்துதுங்க. அதுக்குத்தான வெட்டினோம்."

"ஒரு போட்டோ எடுக்கிற நேரந்தாம்மா," என்றார் சடையப்பன். ஊரே கை தூக்கியது. மக்கள் முடிவு அது.

மூடினோம். பிடுங்கினோம். போட்டோ எடுத்தார்கள். மறுபடி திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் புதுக் கம்பளி நனையக் கூடாதென்று உள்ளே இருந்தோம். செவ்வந்தி வீட்டில் அடுப்பு முழுகியது. அவள் ஒருத்தியே மண்வெட்டியோடு போய் அடைப்பை வெட்டிவிட்டாள். அதை வேணு செல்போனில் பிடித்தான். 'பின்பு' போட்டோ கிடைத்தது.

அந்தப் போட்டோவுக்கு விருது வந்தது. படத்தில் ஒரே ஆளாக இருந்தபடியால் செவ்வந்தியை ஊர் மீட்புக் குழுத் தலைவியாக்கினார்கள். அவள் சொல்லாமல் ஒரு கூடை மண்கூட நகரக்கூடாது என்று உத்தரவு. வீட்டுச் சேற்றை வார ஆள் கேட்டாள். வீடு நீரிலும் சேராது, வனத்திலும் சேராது என்று விளக்கினார்கள்.

அடுத்த வருஷம் இரண்டாம் கட்டம் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு இன்னொரு 'முன்பு' வேண்டுமாம்.

"வாய்க்காலை மூட வேண்டும். தலைவி அவர்கள் அனுமதித்தால்..." என்றார் துணை இயக்குநர்.

"மூடிக்கலாம் சார். போன தபா கீழத்தெரு தாங்கிக்கிச்சு. இந்த தபா தண்ணிய வடக்குத்தெரு பக்கம் திருப்பிவுடுங்க."

சடையப்பன் குல்லாவைக் கழற்றினார். "ந்தாம்மா, அங்க வூடுங்க இருக்குதே!"

"ஒரு போட்டோ எடுக்கிற நேரந்தாண்ணே."

வடக்குத்தெருவில்தான் என் வீடும். யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. துணை இயக்குநர் மூன்று முறை வந்து பார்த்தார். மக்கள் ஒத்துழைப்பு இல்லாத காரணத்தால் மலை ரத்து செய்யப்படுகிறது என்று உத்தரவு வந்தது. பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. யார் வீட்டுக்குள்ளும் ஒரு சொட்டு வரவில்லை. ஏரி நிரம்பிவிட்டது.

வந்த மலையை விரட்டிவிட்டாளே என்று ஊரில் ஒருவரும் செவ்வந்தியோடு பேசுவதில்லை. நானும்தான்.