என் கட்டியைப் பார்க்கப் போன புதன்கிழமைகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியம் கீழே விவரமாக வருகிறது, உட்கார்ந்து படி.

என் முதுகிலிருந்து எடுத்தது தோல் புற்றுக் கட்டிதான் என்று சொன்னார்கள் அல்லவா, அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனுக்கு, கொடுத்ததை அப்படியே விட்டுவிட மனசு வருமா? மூன்று புதன்கிழமையாக ஆய்வுக்கூடத்துக்கே போய், என் கட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்து வருகிறேன். அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் பொறுமைசாலி. முதல் நாள் ஸ்லைடு கண்ணாடிகள் அடுக்கிய தட்டை நீட்டி, "உங்க நம்பர் எதுங்க?" என்றாள். "91. அதோ, அதுதான்" என்று சட்டென்று காட்டினேன். என் கண்ணுக்கு நம்பர் தப்புமா?

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வயிறு எரிகிறது அக்கா. நோயை எதிர்க்கும் செல்கள் நீல நிறத்தில் கூட்டம் கூட்டமாக வந்திருக்கின்றன. கட்டிக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. சுற்றிலும் தாங்கு செல்கள் என்று ஒரு வகை, நாரும் வேலியுமாக வழிமறித்து நிற்கின்றன, கதவோரம் மூட்டையோடு நின்று யாரையும் ஏறவிடாத பயணிகள் மாதிரி. "உள்ள போங்கடா, டிக்கெட் இல்லாதவன் உள்ளதான் உக்காந்திருக்கான்" என்று அந்தக் குழாய்க்குள்ளேயே திட்டினேன். "ஐயா, உங்க மூச்சு பட்டு லென்ஸ் மங்குது" என்றாள் அந்தப் பெண். "இந்த வேலிய எப்படித் திறக்கிறதுன்னுதான் நாங்க படிச்சிட்டிருக்கோம்" என்றும் சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. மூணு வாரமா சாப்பாடு எறங்கல, பயமா இருக்குக்கா. இந்தச் செல்களை உசுப்பிவிட டாக்டர் ஒரு ஊசி போடப்போகிறாராம்; போட்டாலும் இந்தச் சோம்பேறிகளை நம்பி என்ன பிரயோஜனம்? ஆகவே என் சாய்வு நாற்காலியை அத்தான் எடுத்துக்கொள்ளட்டும். ரேடியோ உனக்கு.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு, மிச்சமிருக்கும் என் ஆயுளிலிருந்து ஆசிகள்.

உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண் போன் செய்தாள். தட்டை நான் எதிர்ப்பக்கம் நின்று படித்திருக்கிறேன். தலைகீழாகத் தெரிந்த 16 அது. என்னுடைய 91இல் நம்ம ஆளுங்க உள்ளே புகுந்து அடிச்சிட்டிருக்காங்களாம். ஊசி கேட்கும் என்று டாக்டரும் நம்பிக்கையாகச் சொல்கிறார். நாற்காலி கிடையாது என்று அத்தானிடம் பக்குவமாகச் சொல். ஆனால் அக்கா, அந்த 16 யாருடையதோ. பாவம், மூணு வாரமா அவங்க ஆளுங்களப் போய்த் திட்டியிருக்கேன். வேலியை எப்போது திறப்பீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பாத்துட்டே இருக்கோங்க, வழி கிடைக்கும்" என்றாள். கிடைக்கிற வரைக்கும் புதன்கிழமை தவறாமல் போவேன். இனிமே திட்ட மாட்டேன்.