முதலாளிக்குத் தெரிந்துவிட்டது

வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு வேறு வேலை தேடிப் போனவன், போன இடத்தில் முதலாளியையே பார்த்துவிட்டால் என்ன செய்வான்? வைரக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

குத்தாலத்தில் அறுவடை மிஷின்கள் நிற்கும் கொட்டகை அது. தஞ்சாவூரில் லாரி சர்வீஸ் நடத்தும் வேதநாயகம், ஒரு மிஷின் மேல் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் லாரி ஓட்டும் வைரக்கண்ணு திரும்பி ஓடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவரும் பார்த்துவிட்டார்.

"வைரம், நீ எங்க இங்க?"

"மாமனார் வயல்ல அறுப்புங்க மொதலாளி. மிஷின் பேசிட்டுப் போவலாம்னு. வலி இப்பக் கொஞ்சம் தேவலாம்."

வேதநாயகம் அவசரமாகக் கீழே இறங்கி வேட்டியை உதறினார். "நானும் சும்மாதான் வந்தேன். மிஷின் எப்படி இருக்குன்னு பாத்தேன்."

கொட்டகைக்காரர் மருதையன் நடுவில் வந்து நின்றார். "மாமனாருக்கு எந்த ஊருங்க? நெலம் எத்தனை மா?"

சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனாரின் மொத்தச் சொத்து ஒரு முருங்கை மரமும் நாலு கோழியும். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்ததால் வைரக்கண்ணு ஊரையும் பேரையும் சொல்லி, "ஆறு மா இருக்குங்க" என்றான்.

"நம்ம பையந்தான், மருதையன். நாளைக்கே அனுப்பி வச்சிருங்க" என்று வேதநாயகம் சிபாரிசும் செய்தார். வைரக்கண்ணு கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினான். ஊர் வந்து சேரும்வரை பின்னால் அவர் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேதநாயகம் கத்துகிறவராக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இல்லை. அவர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். லாரி ஓட்டியே லாரி வாங்கினவர் என்பதால் டிரைவர்கள் சொல்லும் பொய் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலைக்குச் சேரும் அன்று ஒரிஜினல் லைசன்ஸை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவார். விலகுகிறவன் அவர் எதிரில் போய் நின்று, அவர் கையால்தான் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆண்டனி என்கிற டிரைவர் அப்படி வாங்கிக்கொண்டு போனவன். இப்போது பேராவூரணியில் தேங்காய் மூட்டை தூக்குகிறான். முதலாளி ஜில்லா முழுக்க போன் போட்டுவிட்டார், அவனுக்கு இனி எவனும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டான் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் போன் போட்டதை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால் நம்பிக்கை குறைந்துவிடவும் இல்லை.

அப்படிப்பட்டவரை விட்டு வைரக்கண்ணு ஏன் விலக வேண்டும்? போன தை மாசம், கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வரும்போது, பட்டப்பகலில் அவன் கண் அசந்துவிட்டது. விழித்தபோது முன்சக்கரம், பாதி ரோட்டை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். அவள் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். திட்டுவதற்கு அவள் உயிரோடு இருக்கிறாளே என்று அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று முதல் லாரியில் ஏறினாலே அவனுக்குப் பயம். ராத்திரி லோடு என்றால் சோறு இறங்குவதில்லை.

"இன்னிக்கு நெல்லோட போச்சு. இன்னொரு நாளைக்கு?" என்று அன்றைக்கே அவன் மனைவி செம்மொழி கேட்டிருந்தாள்.

ராத்திரி வீட்டில் தூங்கி, பகலில் மெதுவாக ஓட்டுகிற வேலையாக ஒன்று வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அலசினார்கள். அறுவடை மிஷின் நடக்கிற வேகத்தில்தான் போகும், குறுக்கே வர ஆளும் கிடையாது. ஆனால் அறுப்பு முடிந்தால் வேலையும் முடிந்தது. அமரர் ஊர்தியில் நிதானம் உண்டு, பின்னால் இருப்பவர் குறை சொல்லவும் மாட்டார். "அதை ஓட்டிட்டு என் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது" என்று செம்மொழி அடித்துச் சொல்லிவிட்டாள். பிறகு குவைத்தில் வீட்டு டிரைவர் வேலை. கடைசியாக ஸ்கூல் வேன்.

குத்தாலம் போய் வந்த மறுநாள் காலையில் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, வாசல்ல ஒரு மிஷின் வந்து நிக்குது. எதை அறுக்கணும்னு கேக்குறான். முருங்கையைக் காட்டட்டுமா?"

வைரக்கண்ணு போனை அணைத்துவிட்டான். இந்தக் கதை முதலாளி காதுக்குப் போவதற்குள் நாட்டை விட்டே போய்விடுவது நல்லது என்று பட்டது. லோடு இறக்கிய கையோடு கீழவாசல் பக்கத்தில் இருந்த வெளிநாட்டு ஏஜெண்ட் ஜெக்கரியாவின் மாடி ஆபீசுக்கு ஏறினான். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். இடம் தேடி, பேப்பரால் முகத்தை மறைத்திருந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பேப்பர் மெல்ல இறங்கியது. வேதநாயகம்.

வைரக்கண்ணு பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

"என்ன வைரம்?"

"மச்சானுக்காக வந்தேங்க மொதலாளி. அண்ணாதுரைன்னு, செம்மொழியோட தம்பி. குவைத்துக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

"நம்ம ரைஸ்மில்லு அண்ணாதுரையா? நல்ல பையனாச்சே." அவர் பேப்பரை நாலாக, எட்டாக மடித்தார். "நானும் மச்சினன் மவனுக்காகத்தான் விசாரிக்க வந்தேன்."

தெரிந்துவிட்டது, எல்லாம் தெரிந்துவிட்டது, பின்னாலேயே வருகிறார் என்று வைரக்கண்ணு முடிவு கட்டினான். ஜெக்கரியா கூப்பிடுவதற்குள் படியிறங்கி ஓடிவிட்டான்.

வேதநாயகம் போகிற வழியில் ரைஸ்மில் ஓனரிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மில் ஓனர் பெரிய மனசு பண்ணி, அண்ணாதுரைக்கு மாலை போட்டு அன்றைக்கே வேலையிலிருந்து விடுவித்துவிட்டார். சாயங்காலம் அவன் புது சூட்கேசோடு வந்து நின்றான்.

"அத்தான், எனக்குத் தெரியாமயே இவ்வளவு செஞ்சிருக்கீங்க. எப்ப ஏத்தி விடப் போறீங்க?"

வைரக்கண்ணு செம்மொழியைப் பார்த்தான். செம்மொழி சூட்கேசைப் பார்த்தாள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, சூட்கேஸ்காரனைத் தவிர.

மறுநாள் வேதநாயகம் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். பீரோ திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து வைரக்கண்ணுவின் லைசன்ஸை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இனிமே இதை நீயே வச்சுக்க வைரம். கையில இருக்கட்டும்."

"நான் எதுவும் கேக்கலீங்களே மொதலாளி."

"கேக்கலதான். வச்சுக்கயேன்." ஏதோ சொல்ல வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஆண்டனிக்கும் இப்படித்தானே குடுத்தாரு" என்று வீட்டுக்கு வந்து புலம்பினான். "இந்நேரம் போன் போட ஆரம்பிச்சிருப்பாரு. நான் தேங்கா மூட்டைதான் தூக்கணும்."

"நேராப் போயி, லாரி ஓட்டப் பயமா இருக்குன்னு சொல்லிட வேண்டியதுதானே? மனுஷர்தானே அவரும்?"

"நீ வந்து சொல்லேன்."

"நானா லாரி ஓட்டுறேன்?" என்றாள் அவள். ஆனாலும் பாவமாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பைபாஸ் கிட்ட இருக்குற ஸ்கூல்ல வேனுக்கு ஆள் தேடுறாங்களாம். அவர் போன் அங்க போறதுக்குள்ள நீங்க போயிடுங்க" என்றாள்.

போனான். கேட்டுக்குள் காலை வைத்தவன், வேப்பமரத்தடியில் முதலாளியின் மொபெட்டைப் பார்த்தான். பாய்ந்து ஒரு மஞ்சள் வேனுக்குப் பின்னால் ஒளிந்தான். ஆபீசிலிருந்து வேதநாயகம் வந்தார். அவர் முகத்தில், வைரக்கண்ணு வருஷக்கணக்காகப் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது. மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அங்கேயும் வந்து சொல்லிவிட்டார். இனி ஒளிந்து என்ன ஆகப் போகிறது? எவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறார் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனான்.

மேஜைக்குப் பின்னால் ஜெனிட்டா என்ற கிளார்க்கம்மா உட்கார்ந்திருந்தாள். "சொல்லுங்க, என்ன வேணும்?"

"வேன் டிரைவர் வேலைன்னாங்க." பெயரைக் கேட்டதும் அவன் நாக்கு தானாகவே, "அண்ணாதுரைங்க" என்றது.

"அடடா, இப்பத்தாங்க ஆள் எடுத்தோம்."

வைரக்கண்ணு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "இப்ப மொபெட்ல போனாரே ஒருத்தர். அவரு யாராச்சும் ஒரு டிரைவரைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாருங்களா?"

ஜெனிட்டா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"சொன்னாருங்க, பாவம், லாரியெல்லாம் வித்துட்டு திங்கக்கிழமையிலேருந்து எங்க வேனைத்தான் ஓட்டப் போறாரு, ஆனா வைரக்கண்ணுன்னு அவருகிட்ட ஒரு டிரைவர் இருக்காராம், அந்த ஆளு மூஞ்சியப் பாத்து, இனி உனக்கு வேலை இல்லன்னு சொல்ல பயந்துகிட்டு இவரு ஊர் ஊரா மறைஞ்சு மறைஞ்சு வேலை தேடினா, போற எடமெல்லாம் அந்த ஆளே பின்னாடி வந்து நிக்கிறாராம்."