ஏழு விநாடிப் படலம்

வாழ்க நாற்சந்திகளின் நாயகர்! செம்மை, மஞ்சள், பசுமை என்னும் முச்சுடரையும் விரல்நுனியில் ஆட்டிவைக்கும் மாநகரச் சிக்னல் பொறியாளர் நீடு வாழ்க! வண்டிவெள்ளம் ஒருகணமும் தேங்கலாகாதென்று, நடந்து கடப்போரின் பச்சை விளக்கை ஏழே விநாடியாய்ச் சுருக்கிய பேராற்றல் அவருடையது. அங்கே அடிபட்டோரின் அறிக்கையிலெல்லாம் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘பாதசாரியின் கவனக்குறைவு’ என்று முத்துமுத்தாய் எழுதிய திருக்கரமும் அவருடையதே.

அத்தகைய பெருமகனார் குளியலறையில் சோப்புத் துண்டென்னும் அற்பப் பகைவனால் வீழ்த்தப்பட்டு, இடக்காலில் மாவுக்கட்டென்னும் வெண்கவசம் பூண்டு, இரு கக்கத்திலும் ஊன்றுகோல் வேல் தாங்கி, எதிர்ச்சாரி எலும்பு மருத்துவரை நோக்கி ஒரு காலைப்பொழுதில் படையெடுத்தார். பச்சை ஒளிர்ந்தது. இரண்டில் கோலூன்றினார், நான்கில் முதல் வெள்ளைக்கோட்டை வென்றார், சாலையின் கால்பங்கைக் கடப்பதற்குள் ஏழும் முடிந்து பச்சை மாண்டது. அக்கணமே மதயானையெனத் தண்ணீர் லாரியும், குளவிக்கூட்டமென இருசக்கர வண்டிகளும் முழங்கி எழ, நம் தலைவர் வீரநடை துறந்து, தத்தித் தாவி, நடுத்திட்டில் வியர்வையாறு பெருக வந்து விழுந்தார்.

அங்கே துணிமூட்டையோடு நின்றிருந்த தையற்காரம்மா அவரைத் தாங்கிப் பிடித்தார்.

“பாத்து சார்! இதை ஒரே மூச்சுல யாரும் தாண்டினதில்ல. ஏழு விநாடி வெச்ச மகராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...”

மூட்டையில் கத்தரிக்கோல் மின்னியது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மாவீரர் மெல்லச் சட்டைக்குள் ஒளித்தார்.

“போன மாசம் எங்க பக்கத்து வீட்டு அக்கா இங்கதான் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாங்க. கவனமில்லாம வந்தாங்கன்னு எழுதிட்டாங்களாம். கவனமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சார். முட்டிவலி, வேகமா நடக்க வராது.”

எழுதிய கரம் ஊன்றுகோலை இறுகப் பற்றியது.

மீண்டும் பச்சை. தையற்காரம்மா பாதி தைத்த சிவப்புப் பாவாடையொன்றை உருவி, வெற்றிக்கொடியென உயர்த்தி, திக்கெட்டும் நடுங்க முழங்கினார்:

“நில்லுங்கடா! கால் ஒடிஞ்ச மனுசன் வர்றாரு!”

ஏழு கடந்து பச்சை அவிந்தும் கொடி தாழவில்லை. மதயானை லாரி கிறீச்சிட்டு மண்டியிட்டது. ஆயிரம் போர்ச்சங்கமென ஹாரன்கள் அலறின. அவ்வார்ப்பின் நடுவே, வாய்க்குள் விநாடி எண்ணியபடி, பாதிச் சாலையைப் பதினான்கு விநாடியில் கடந்து மறுகரை ஏறினார் நம் தலைவர். திரும்பி நோக்கி, “ரொம்ப நன்றிம்மா” என்றார். தான் யாரென்று மட்டும் உரைத்தாரில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போய் அந்தப் பச்சைக்கு இருபத்தெட்டு விநாடி வைத்தார்.