லேப்டாப்புக்கு ஃபினிஷிங் செய்த கதை

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. டாக்டரிடம் காட்டுகிற வியாதி இல்லை. கையில் எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்ப்பேன். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், தையல், பிசிறு, கறை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் இருபது வருஷம் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும். கல்யாணப் பந்தியில் வாழையிலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஓட்டை இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவள் நான். நாத்தனார் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபி கொண்டுவந்த பெண்ணின் ரவிக்கைக் கையில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டேன். (அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம்தான் காரணம் என்று சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டேன்.)

இந்த வியாதியால் என் மகளின் லேப்டாப்பை நானே கொன்ற கதை இது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொன்னால் இன்னும் நாலு பொய் சேரும்.

கௌசல்யா அப்போது காலேஜில் கடைசி வருஷம். லேப்டாப்புக்கு இரண்டு வருஷ வாரண்டி. முதலில் பென்டிரைவ் செருகுகிற ஓட்டை போனது. அது போனால் என்ன, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே என்று விட்டோம். அதுவும் போனது. கடைசியில் சார்ஜர் செருகுகிற ஓட்டையே ஆட்டம் கண்டுவிட்டது. ஒயரைக் கொஞ்சம் மேலே தூக்கி, இடதுபக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் விளக்கு எரியும். அவள் அப்பா ஒரு காலி நூல் கோனை அடியில் முட்டுக்கொடுத்து வைத்தார். தெருவில் லாரி போனால் அது நகர்ந்துவிடும், சார்ஜ் நின்றுவிடும். எங்கள் தெருவில் லாரி போகாத நேரமே கிடையாது.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ வந்தது. அடுத்த வியாழக்கிழமை. அவள் வகுப்பில் நாலே பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வாரண்டி அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. சர்வீஸ் சென்டரில் போனில் விசாரித்தாள். வாரண்டி இருந்தால் காசே வேண்டாம், இரண்டு நாளில் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். அந்த சென்டர் எங்கள் கம்பெனிக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பையில் வைத்துக் கொடுக்கும்போதே சொன்னாள். "அம்மா, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பில்லு உள்ள இருக்குது. அப்படியே குடு."

"சரி கண்ணு."

"அப்படியேன்னா அப்படியேம்மா. தொடைக்கக்கூட வேண்டாம்."

"ஏன்டி, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று கோபித்துக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கொடுப்பதாகத் திட்டம். அதுவரை லேப்டாப் என் டேபிள் மேல் இருந்தது. அன்றைக்குக் காலையில் கட்டிங்கிலிருந்து ஒரு பண்டல் வந்தது. வெட்டிய துணி ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் இல்லை. "ஸ்டிக்கர் இல்லாம இது எந்த ரோல்ல வெட்டுனதுன்னு எனக்கு என்னங்க தெரியும்? எடுத்துட்டுப் போங்க" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினேன். பண்டல் கொண்டுவந்தவர் ஏதோ சொல்ல வந்தார். நான் காது கொடுக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணி டீக்கு லேப்டாப்பை வெளியே எடுத்தேன். சும்மா பார்க்கத்தான். மூடி மேல் பேனா மைக் கறை. கீபோர்டு இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள். ஓட்டைகளில் என் சேலையில் ஒட்டி வீட்டுக்கு வந்த பனியன் பஞ்சு. என் உடம்பே கூசியது. அழுக்குப் பீஸை எந்த பையர் வாங்குவான்? பார்த்த உடனே ரிஜெக்ட் போட்டுவிடுவானே. சர்வீஸ் சென்டர்காரன் மட்டும் என்ன, சரக்கைச் சோதிக்க பையர் அனுப்புகிற க்யூசி மாதிரிதானே? ஃபினிஷிங் இல்லாமல் ஒரு பீஸ் என் டேபிளைத் தாண்டினால் இருபது வருஷ சர்வீஸுக்கு என்ன மரியாதை?

முதலில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். பனியனில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே காட்டுகிற மாதிரி ஒட்டுகிற குட்டிச் சிவப்பு அம்பு. கெட்டுப்போன ஓட்டை மூன்றுக்கும் மூன்று. (சர்வீஸ்காரர் தேடிக் கஷ்டப்படக் கூடாது பாருங்கள்.) பிறகு ஜெசிந்தா அக்காவிடம் கொடுத்தேன். மருந்தைப் பீய்ச்சிக் கறை எடுக்கிற ஸ்பாட் கன் ஜெசிந்தா அக்கா கையில் இருந்தால், எண்ணெய், மை, பான்பராக் எதுவும் நிற்காது. மூடியில் இரண்டு அடி அடித்தார்கள். மை போன இடம் தெரியவில்லை.

"பூங்கொடி, இதா பாரு, அடியில ஒரு லேபிளு கோணலா ஒட்டியிருக்குது. ஓரமெல்லாம் கருத்து, பிஞ்சு கெடக்குது. அசிங்கமா இருக்குது."

எங்கள் தொழிலில் லேபிள் கோணல் என்றால் பெரிய குறை. லாட்டே திரும்பிவிடும். "எடுத்துருங்கக்கா" என்றேன். இன்னும் இரண்டு அடி. நகத்தால் ஒரு சுரண்டு. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆனது.

கடைசியாக ஏர் கன். ஓட்டைகளுக்குள் வைத்து அழுத்தினேன். பஞ்சு பறந்தது. கூடவே சில்லென்று கையில் தெறித்தது. அன்றைக்கு கம்ப்ரஸரில் தண்ணீர் வடிக்க மறந்திருக்கிறார்கள். காற்றோடு தண்ணீரும் வந்திருக்கிறது. ஏசிக் காற்று போல ஜிலுஜிலுவென்று இருக்கிறதே என்று நினைத்து, இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினேன். இந்தப் புத்திக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாலிபேக்கில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, மடித்து டேப் ஒட்டினோம். அப்படியே கப்பலில் ஏற்றலாம். பேக்கிங் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்தவர் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டவர். பாலிபேக்கைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த அம்பெல்லாம் என்னங்க?"

"எங்கெங்க கொறைன்னு காட்டறதுக்குங்க."

"ஓ." திருப்பினார். "சீரியல் நம்பர் ஸ்டிக்கர் எங்கீங்க?"

"அதுங்களா, கோணலா இருந்துச்சுங்க. எடுத்துட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டனை அழுத்தினார். லேப்டாப் கண் திறக்கவில்லை. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "உள்ள தண்ணி போயிருக்குதுங்க. ஏதோ மருந்து வாசமும் வருது. தண்ணி போனா வாரண்டி வராதுங்க. போர்டையே மாத்தணும்."

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்னார். என் ஒன்றரை மாசச் சம்பளம்.

"அட கெரகமே! ஏனுங்க, ஓட்டை முந்தியே ரிப்பேருங்க. தண்ணி இன்னைக்குத்தானுங்க போச்சு!"

"இருக்கலாமுங்க. ஆனா அதை இப்ப எப்படிக் காட்டறது? சாட்சியை நீங்களே கழுவிட்டு வந்துட்டீங்களே."

"பில்லுல நம்பர் இருக்குதுங்களே?"

"பில்லுல இருக்குதுங்க. மிஷின்ல இல்லையே. ஸ்டிக்கர் இல்லாம இது அந்த மிஷின்தான்னு எனக்கு என்னங்க தெரியும்?"

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. காலையில் என் வாயிலிருந்துதான் வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். லேப்டாப்பையும் பாலிபேக்கையும் சிலிகா ஜெல்லையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடனை உடனை வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை. வியாழக்கிழமைக்கு மூன்று நாள்கூட முழுசாக இல்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். கௌசல்யா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி சமாளித்திருப்பேன். அவள் அந்தப் பளபளப்பான அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படியே குடுன்னுதானேம்மா சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். கம்பெனி வேன் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்தான் பேசினார்.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"நீங்க வாயை மூடீட்டுச் சாப்பிடுங்க."

"ஏர் கன்ல ஊதுனதா மட்டும் கதையில இல்ல" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில், மேனேஜரிடம் கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் லாரிச் சத்தம், இங்கே கதவாவது சாத்தலாம். கம்பெனி கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. போனில்தான் பேசினாள். போனுக்கு முட்டுக்கொடுக்க அதே நூல் கோன். பின்னால் ஹேங்கரில் வரிசையாகக் குழந்தைச் சட்டை தொங்கியது. நான் கதவுக்கு வெளியே நின்று ஜெசிந்தா அக்காவோடு கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். அக்கா மாதாவை, நான் மாகாளியம்மனை. யாராவது ஒருவர் எடுப்பார்கள் என்று.

நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். கடைசியில், ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டே ஏதோ புரோகிராம் எழுதச் சொன்னார்களாம். போனில் எப்படி எழுதுவது? லேப்டாப் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறாள். பரவாயில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை. உன்னால்தான் என்று இன்றைக்குவரை அவள் சொன்னதில்லை. சொல்லாததால்தான் எனக்கு அது ஆறவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில், செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர் பிரித்து, காய வைத்து, சார்ஜர் ஓட்டையை மட்டும் புதுசாகப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். ஒரு பிரியாணி விருந்துக்கு ஆகிற செலவுகூட இல்லை. விளக்கு எரிந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இதை முந்தியே சொல்றதுக்கென்ன?"

"வாயை மூடீட்டுச் சாப்பிடச் சொன்னியே."

நாலு மாசம் கழித்து கௌசல்யாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அந்த லேப்டாப்பில்தான் புரோகிராம் எழுதிக் காட்டினாள். கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில், பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். எனக்கு வியாதி வந்துவிட்டது. துப்பட்டா கோணல், இழுத்துவிட்டேன். தோளில் ஒரு நூல், எடுத்தேன். பொட்டைச் சரிசெய்தேன். முகத்தில் என்னத்தையோ துடைத்தேன், அங்கே ஒன்றும் இல்லை. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, விடு. அப்படியே குடு."

கையை எடுத்துக்கொண்டேன். என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டு ஏறிப்போனாள். பஸ் கிளம்பியது. டவுன் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். பின்சீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் என் முதுகைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். சேலைத் தோளுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. லேப்டாப்பில் ஒட்டினேனே, அதில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"எடுத்துடட்டுமா?" என்றார்.

"தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.