பின்வண்டி மாடும் ஆப்டிமமும்

மூன்று பேர் குளிப்பதற்கு வரிசை எண் கொடுத்து, அந்த வரிசைதான் சரி என்பதற்குக் கணித நிரூபணமும் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிய மனிதன் வில்லியனூர் வரலாற்றிலேயே ஒருவன்தான். அவன் ஆப்டிமம். அவனுக்கு முன்னால் அதை யாரும் செய்ததில்லை. அவனுக்குப் பின்னால் அந்த வீட்டுக்காரர் மாணவர்களுக்கு வீடு விடுவதையே நிறுத்திவிட்டார்.

எழுபதுகளின் பின்பாதி. ஆப்டிமம், அந்தோணி, நான் மூவரும் வில்லியனூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கி, புதுச்சேரி டவுனில் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் வருடத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு பாடம் வந்தது. இருக்கிற ஆளையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வேலையை எப்படிச் சிறப்பாக முடிப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு. அப்படிக் கண்டுபிடிக்கிற உத்தமமான வழிக்கு ஆப்டிமம் என்று பெயர். எங்கள் ஆள் எதை எடுத்தாலும் “இது ஆப்டிமம் இல்லபா” என்று ஆரம்பித்ததால் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே யாரையோ என்று திரும்பிப் பார்ப்பான்.

குளியல் வரிசைக்கு வருகிறேன். சீக்கிரம் குளிப்பவன் முதலில், நிதானமாகக் குளிப்பவன் கடைசியில் போனால், எல்லோரும் காத்திருக்கும் நேரத்தின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும். இது சத்தியமான கணக்கு, யாரும் மறுக்க முடியாது. அந்தோணி இரண்டு செம்புத் தண்ணீரில் வேலையை முடித்துவிடுவான். நான் சுமாரான ஆள். ஆப்டிமமோ சோப்புப் போட்ட உடம்போடு நின்று மனக்கணக்குப் போடுகிறவன். ஆகவே அவனுடைய சொந்த நிரூபணத்தின்படி அவனே கடைசி. ஒரு வாரம் தொடர்ந்து அவனுக்குக் காலேஜ் பஸ் போய்விட்டது.

“ஏம்பா தினமும் லேட்?” என்று கேட்டார் பேராசிரியர்.

“சார், நான் ஒருத்தன் லேட்டா வர்றதாலதான் அவங்க ரெண்டு பேரும் டைமுக்கு வர்றாங்க.”

பேராசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பிறகு அவனுக்கு வருகை போட்டார். அவரும் அந்தப் பாடத்தை நடத்துகிறவர்தானே.

அடுத்து சமையல். சாதம், பருப்பு, ரசம் மூன்றையும் அரைமணி நேரத்தில் முடிப்பதற்குச் சுவரில் கரியால் அம்புக்குறிகள் போட்டு ஒரு படம் வரைந்தான். அந்தோணி அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தான்.

“இன்னாபா இது, சாதமும் பருப்பும் ஒரே டைம்ல வேவுது?”

“ஆமா. பேரலல்.”

“நம்மகிட்ட ஸ்டவ் ஒண்ணுதான இருக்குது?”

ஆப்டிமம் ஸ்டவ்வைப் பார்த்தான். “அது ப்ராக்டிகல் டிஃபிகல்ட்டி. தனியா எழுதிக்கலாம்” என்றான். அன்று சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டோம்.

இப்படிப்பட்டவனிடம்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜூனியர் மாணவர்கள் ஆலோசனை கேட்க வருவார்கள். பாகூரிலிருந்து வருவான் ஒருவன், செல்லிப்பட்டிலிருந்து வருவான் ஒருவன். ஆப்டிமம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்காலம் சொல்லுவான்.

“கைடு எப்புடி செலக்ட் பண்றதுண்ணா?”

“அவரு வூடு பஸ் ஸ்டாப்புக்குக் கிட்ட இருக்குதா பாரு. தலைப்ப எப்ப வேணா மாத்திக்கலாம், அவரு வூட்ட மாத்த முடியாது. அப்புறம் தீசிஸ்ல கடைசி சாப்டர மொதல்ல எழுது. முடிவு தெரிஞ்சிட்டா நடுவுல அலைய வேணாம்.”

“வேலை கெடைக்குமாண்ணா?”

“ஜனங்க எங்கெங்க நிக்கிறாங்களோ அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்குது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு.”

செல்லிப்பட்டுக்காரன் சந்தேகமாகத் தலையைச் சொறிந்தான். “பஸ் ஸ்டாண்டுல ஏற்கெனவே ஒரு போலீஸ்காரர் நிக்கிறாருண்ணா.”

இவனிடம் ஆலோசனை கேட்டவர்களில் ஒருவன் பி.எட். சேர்ந்தான், ஒருவன் பாங்க் பரீட்சை எழுதினான், ஒருவன் கல்யாணம் செய்துகொண்டான். ஒருவனும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பக்கம் வரவில்லை. “பாத்தியா, எவ்ளோ பேரோட டைம மிச்சம் பண்ணியிருக்கேன்” என்பான் ஆப்டிமம். அவன் குரலில் கிண்டல் இருக்காது. அதுதான் அவனோடு குடித்தனம் செய்வதில் இருந்த சிரமம்.

ஊருக்கெல்லாம் வழி சொன்னவனுக்குச் சொந்த வழி அடைபட்டிருந்தது. கடைசி வருட ஆய்வேட்டைப் புத்தகத்திலிருந்து எழுதினால் போதாது, நிஜமான ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்து, அந்த இடத்து அதிகாரியிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கடிதம் இல்லையென்றால் பட்டம் இல்லை. ஆப்டிமத்தின் அப்பா செலியமேட்டில் கரும்பு விவசாயி. “இந்த வருசம் முடிச்சா முடி. இல்லன்னா வந்து கரும்புக்குக் காஞ்ச சோகை உரி” என்று அவரும் தவணை சொல்லியிருந்தார். மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது விசாரித்தால், “வரிசையில நிக்கிறதப் பத்திப் படிக்கிறானாம். ரெண்டு வருசம்” என்று மட்டும் சொல்லுவார்.

ஆப்டிமம் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலை. சீசனில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகள் ஆலை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் நிற்கும். காலையில் வந்த வண்டி சாயங்காலம்தான் எடைமேடை ஏறும். அதற்குள் கரும்பு காயும், மாடு சோரும், வண்டிக்காரர்களுக்குள் சண்டை வரும். ஆப்டிமம் கைக்கடிகாரமும் நோட்டுமாக மூன்று வாரம் அங்கேயே கிடந்தான். முதலில் அவனை ஆலையின் உளவாளி என்று நினைத்த வண்டிக்காரர்கள், பிறகு பரிதாபப்பட்டுத் தங்கள் கூழில் பங்கு கொடுத்தார்கள்.

மூன்று வார முடிவு, குளியலறைக் கதவில் ஒட்டிய அதே முடிவு. பாரம் குறைந்த வண்டி சீக்கிரம் இறங்கும், அதனால் அது முதலில். பாரம் அதிகமான வண்டி கடைசியில். ஆலையில் கரும்பு வரவைப் பார்க்கும் கேன் ஆபீசர் நல்ல மனிதர். “சீசன் முடிய பத்து நாள்தான் இருக்கு. ஒரு காலைப் பொழுது தர்றேன். சரியா வந்தா லெட்டர் தர்றேன்” என்றார்.

அந்தக் காலையில் ஆப்டிமம் இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்டூல் மேல் ஏறி நின்றான். அந்தோணியும் நானும் அட்டையில் எண் எழுதி வண்டிக்கு ஒன்றாகக் கொடுத்தோம். அவன் அப்பாவும் இரண்டு வண்டிகளோடு வரிசையில் இருந்தார். அவரும் எண்களை வாங்கிப் பார்த்தார்.

“இன்னாடா இது, ஒண்ணு மூணு, ஒண்ணு நாப்பது?”

“பின்வண்டி லோடு கம்மிப்பா. அதான் மூணு. முன்வண்டி நாப்பது.”

“பின்வண்டி தனியாப் போவாதுடா.”

“மாடுதானப்பா. ஓட்டுனா போவுது.”

அவர் மகனை உற்றுப் பார்த்தார். பிறகு அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் கரும்பு வண்டி இரண்டிரண்டாக வரும். இரண்டுக்கும் ஒரே ஆள். அவர் முன்வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவார். பின்வண்டிக்கு வயசு குறைந்த மாடுகளைப் பூட்டிப் பாரமும் குறைவாக ஏற்றியிருப்பார்கள். அந்த மாடுகள் முன்வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பழகியவை. முன்வண்டி நகர்ந்தால் நகரும், நின்றால் நிற்கும். அவற்றுக்குத் தெரிந்த ரோடு அவ்வளவுதான். ஆப்டிமமோ எல்லாப் பின்வண்டிகளையும் முதலில் கூப்பிட்டான்.

ஒன்றாம் எண் மாடு நகரவில்லை. அதை நகர்த்த முன்வண்டியை நகர்த்தினார்கள். அது முப்பத்தெட்டாம் எண். இரண்டாம் எண்ணை இழுக்க நாற்பத்தொன்று வந்தது. அப்பாவின் மூன்றாம் எண் வண்டி, யாருடையதோ ஒரு முன்வண்டியைத் தன்னுடையது என்று நம்பி அதன் பின்னால் வெளிகேட் பக்கம் கிளம்பியது. அரைமணி நேரத்தில் எடைமேடையைச் சுற்றி எந்த வண்டியும் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றது. உள்ளே அரவைக்குக் கரும்பு தீர்ந்து இயந்திரம் நின்றது. அந்தச் சீசனில் இயந்திரம் பழுதில்லாமல் நின்றது அன்று ஒரு நாள்தான் என்று கேன் ஆபீசர் பின்னாளில் சொன்னார்.

எல்லாவற்றையும் பிரித்து முடிக்க மத்தியானம் ஆனது. ஆப்டிமம் ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை. அப்பா அவனருகே வந்து நின்றார்.

“ஏன்டா, சின்ன வயசுல ஏழு சீசன் நீ அந்தப் பின்வண்டி மேலதான வந்த?”

“வந்தேம்பா.”

“அப்புறம் எப்புடிடா தெரியாமப் போச்சு?”

“நான் ஏறுன ஒடனே தூங்கிடுவேம்பா” என்றான் ஆப்டிமம்.

நானும் அந்தோணியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்க முடியவில்லை. மூன்று வாரம் வண்டிகளை எண்ணியிருக்கிறான், மாட்டைப் பார்க்கவில்லை. பட்டம் போயிற்று என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுநாள் அவன் செலியமேட்டுக்குப் போனான். அடுத்த நடைக்குப் பின்வண்டியில் ஏறி, ஆலை வரைக்கும் தூங்காமல் வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வழியைப் பார்த்ததாகச் சொன்னான். இரட்டை வண்டியை ஒரே வண்டியாக வைத்து, சேர்ந்த பாரத்துக்கு வரிசை போட்டு, கணக்கு முழுவதையும் திருப்பி எழுதினான். ஆனால் கேன் ஆபீசர் அவனை ஆலை கேட்டுக்குள் விடவில்லை. அவரிடம் போய் நின்றவர் ஆப்டிமத்தின் அப்பா.

“எங்க ஊரு வண்டி பன்னெண்டு இருக்குது சார். அதுல மட்டும் பாத்துக்கட்டும். கெட்டா எங்க கரும்புதான காயும், உங்க மிஷினு ஓடும்.”

“உங்க ஊர்க்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“ஏழு சீசன் அவன் தூங்கும்போது வுழாம பாத்துக்கினு வந்தவங்க சார் அவங்க.”

அன்று செலியமேட்டு வண்டிகள் பன்னிரண்டும் ஜோடி ஜோடியாக ஏறி இறங்கின. பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வண்டிக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். சீசனில் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டதே இல்லை என்று அதில் ஒருவர் என்னிடம் சொன்னார். கேன் ஆபீசர் கடிதம் கொடுத்தார். “இந்த மாணவர் எங்கள் ஆலையை ஒரு முறை நிறுத்தியும் ஒரு முறை நிறுத்தாமலும் தம் ஆய்வை நடத்தினார்” என்று அதில் இருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர், பின்வண்டி தனியாக நடக்காது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். “எங்கப்பா சார்” என்றான் ஆப்டிமம். பட்டம் கிடைத்தது.

பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஜனங்கள் நிற்கிற இடமெல்லாம் நமக்கு வேலை என்று அவன் சொன்னது அவன் ஒருவனுக்காவது பலித்தது. எனக்கு அதுவரை ஒன்றும் அமையவில்லை. விழுப்புரத்தில் ரயில். வில்லியனூர் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அவன் எனக்குக் கடைசி ஆலோசனை சொன்னான்.

“நீ இங்கயே நின்னுக்கோ. விழுப்புரம் வரைக்கும் வந்துட்டுத் திரும்புறது உனக்கு ஆப்டிமம் இல்ல. அந்த டைம்ல ரெண்டு அப்ளிகேஷன் போடலாம்.”

சரி என்று தலையாட்டினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பஸ் வந்தது. அவன் ட்ரங்குப் பெட்டியோடு முன்படியில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தபோது நான் பின்படியில் ஏறியிருந்தேன். என் கையில் பெட்டியும் இல்லை, காலில் சரியான செருப்பும் இல்லை.

“நீ எங்கபா ஏறுற?” என்றான்.

“முன்வண்டி கெளம்பிடுச்சுபா. நான் இன்னா பண்ணட்டும்?” என்றேன்.